தடித்த எழுத்தில் வராத எண்

ஒன்று புள்ளி ஒன்று. கோகிலவாணி திரையைப் பார்த்தாள், ரத்தக் குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். தன்ஷிகா, வயது நான்கு, பெண். கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. பக்கத்திலேயே, இருக்க வேண்டிய அளவு என்று புள்ளி ஆறிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு வரை போட்டிருந்தது. அதற்குள் அடங்கிவிட்டதால் எண் மெலிந்த எழுத்தில், ஒரு வம்புக்கும் போகாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே இரண்டு எண்கள் மட்டும் தடித்துக் கறுத்து நின்றன. வெள்ளணுக்களில் லிம்போசைட் ஐம்பத்திரண்டு சதவீதம், தட்டணுக்கள் நாலு லட்சத்து எழுபதாயிரம். யார் கையில் இந்தக் காகிதம் போனாலும் முதலில் கண் போவது அந்த இரண்டின் மேல்தான், பெற்றவள் பயப்படுவதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் அந்த இரண்டிலும் ஒன்றுமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு லிம்போசைட் பெரியவர்களைவிடக் கூடத்தான் இருக்கும், காய்ச்சலில் தட்டணுக்கள் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பயப்பட வேண்டிய எண் இதோ கீழே, தடிக்காமல், சத்தம் போடாமல் இருக்கிறது. ஒன்று புள்ளி ஒன்று. இது சதை விடுகிற கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டியது. சந்தையில் மூட்டை தூக்கும் ஆளுக்கு ஒன்று புள்ளி ஒன்று இருந்தால் அவன் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம். பதினாலு கிலோ பிள்ளையின் உடம்பில் எங்கே இருக்கிறது அத்தனை சதை? அதற்குப் புள்ளி மூன்று, புள்ளி நான்கு, மிஞ்சிப்போனால் புள்ளி ஐந்து. அப்படியென்றால் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியென்றால்? கோகிலவாணி அந்த வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மேலே தெளிந்து நின்ற நீர் வெளிறின மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. ரத்த அணுக்கள் உடைந்து எண்ணைக் கெடுத்திருந்தால் சிவப்பு ஏறியிருக்கும். உடையவில்லை. உடைந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

மறுபடி போட வேண்டியதுதான். முதலில் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தரநீரை ஒரு தடவை, பிறகு பிள்ளையின் ரத்தத்தை இரண்டு தடவை. இருபது நிமிஷம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. உடுமலையில் பழனி ரோட்டில், ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்த அந்த லேபில் இந்த நேரத்துக்குக் கூட்டம் வடிந்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் டிபன் சாப்பிடப் போயிருப்பார்கள். வெளியே பெஞ்சில் இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான், மடியில் பிள்ளையோடு. சத்யப்ரியா என்று எழுதிக்கொடுத்திருந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். "அக்கா, ஆச்சுங்களா? பன்னெண்டு மணி தாராபுரம் பஸ்ஸப் புடிக்கோணுங்க. எங்க மாமன் பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம், நாலு நாளைக்கு அங்கதான்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "ஒரு சொட்டு நேரம் இரும்மிணி" என்று இவளும் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நாலு நாள். கோகிலவாணி ரத்தநீரை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியில் புது முனையைச் செருகினாள். குமிழி வந்திருக்கும், காலையில் அவசரத்தில் ஒரு குமிழி உள்ளே போயிருக்கும், குமிழி போனால் எண் எப்படி வேண்டுமானாலும் வரும். அவள் குமிழி விடுகிறவள் அல்ல. பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டைவிரல் ஒரே அழுத்தத்தில் அழுத்தி ஒரே அழுத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் இன்றைக்கு விட்டிருக்கலாம். காலையில் அந்தப் பிள்ளை கையைக் கொடுக்க மாட்டேன் என்று கத்தி, இவள் "எறும்பு கடிக்கற மாதிரிதான் சாமி" என்று சொன்னதும், "எறும்பு கடிச்சா வலிக்குமே" என்று திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்வி. இவள் சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றினாள். அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளா? பார்த்தாள். கன்னம் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நினைத்தாள். கொழுகொழுப்பா அது?

தரநீர் சரியாக வந்தது. போத்தலின் மேல் என்ன அச்சடித்திருந்ததோ அதே எண். மிஷின் பொய் சொல்லவில்லை. காகிதம்தான் பொய் சொல்கிறது, அதுவும் வேண்டுமென்று அல்ல, அதற்குத் தெரிந்தது பெரியவர்களின் உடம்பு மட்டும். ரிப்போர்ட் அச்சடிக்கிற கம்ப்யூட்டரில் பெரியவர்களின் அளவை ஏற்றினார்களே தவிர பிள்ளைகளின் அளவை ஏற்றவில்லை, இரண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அடுத்த மாசம் ஆள் வருவான் என்று ஓனர் ஈஸ்வரமூர்த்தி அண்ணனும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் என்ன ஆகிறது? ஓடியாடித் திரியும் பிள்ளையின் கிரியேட்டினின் புள்ளி மூன்று என்று வந்தால் அதைக் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போடும். அப்படித் தடித்துத் தடித்து வந்து இவளுக்கே அது பழகிப்போய், பிள்ளைகள் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடும் நாட்களும் உண்டு. இன்றைக்குத் தடிக்காமல் வந்ததுதான் கண்ணில் குத்தியது. நல்ல பிள்ளைக்குக் குறை சொல்லி, சீக்குப் பிள்ளைக்குச் சரி என்று சொல்கிற காகிதம். காகிதத்தை நம்பினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளைவிட யாருக்குத் தெரியும்? மகள் அபிநயாவுக்கு அப்போது பதினொரு வயது. வயிற்றுவலி என்று சொன்னாளே என்று பெற்ற பெண்ணின் ரத்தத்தைத் தன் கையாலேயே எடுத்து, தானே மிஷினில் வைத்து, ஆல்கலைன் பாஸ்படேஸ் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தபோது இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். இருக்க வேண்டியது நூற்று இருபத்தொன்பதுக்குள். மூன்று மடங்கு. கல்லீரல் கெட்டால் ஏறுகிற எண், கல்லீரல் என்று நினைத்தாள். கல்லீரல் என்று நினைத்த அந்த நொடியிலிருந்து அவள் லேப்காரி இல்லை, வெறும் தாய். பக்கத்துத் தெரு வைத்தியர் காகிதத்தின் தடித்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு டானிக்கை எழுதிக்கொடுத்து, எண்ணெய் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று சொல்ல, மூன்று மாசம் அந்தப் பெண் இட்லியும் மோர்ச்சோறுமாகத் தின்று, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பிறந்தநாள் கேக் தின்னும்போது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் எழுந்ததும் மகளின் கண்ணிமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பது, நகத்தைப் பார்ப்பது, குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்றும் சத்தம் வருகிறதா என்று கேட்பது. மூன்று மாசம் கழித்துப் பத்ரசாமி டாக்டரிடம் போனபோது அவர் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளின் பாவாடை விளிம்பைப் பார்த்தார். "போன வருசம் எடுத்த துணியா இது? முழங்காலுக்கு ஏறிப்போச்சே. எலும்பு வளருதம்மா. வளர்ற புள்ளைக்கு இது இவ்வளவு இருக்கத்தான் வேணும். லேபுல வேலை செய்யற உனக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்?" அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ஆறு வருஷமாக அவளோடு பஸ்ஸில் வருகிறது, சமையலறையில் நிற்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழவில்லை. பிள்ளைகளுக்கான அளவுகள் இருக்கிற புத்தகத்தை வாங்கி வந்து ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதினாள். பிறந்த அன்றைக்கு ஹீமோகுளோபின் பதினேழு, இரண்டு மாசத்தில் அது பத்துக்கு இறங்கும், இறங்கினால் பயமில்லை. ஒரு வயசுக்கு இவ்வளவு, ஐந்து வயசுக்கு இவ்வளவு. பிள்ளை என்பது சின்ன அளவில் செய்த பெரியவர் இல்லை, அது வேறு ஒரு உடம்பு, மாசத்துக்கு மாசம் வேறு ஒரு உடம்பு.

ஆனால் அதுதான் இப்போது காலைப் பிடித்து இழுக்கிறது. தவறாகப் பயந்து மூன்று மாசம் செத்துப் பிழைத்தவள், இன்னொருத்தியைப் போய் அப்படிப் பயமுறுத்தலாமா? வெளியே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போகிறாள், தலை நிறையப் பூ வைத்திருக்கிறாள். அவளிடம் போய் உன் பிள்ளையின் சிறுநீரகம் என்று ஆரம்பித்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று கோகிலவாணிக்குத் தெரியும், அந்த முகத்தை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இந்த முறையில் எடுக்கும் கிரியேட்டினின் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்று படித்திருக்கிறாள். சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் கூட்டிக் காட்டும். எவ்வளவு கூட்டும்? புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு. அதைக் கழித்தாலும் புள்ளி ஒன்பது. இன்னும் கொஞ்சம் கழி என்றது மனசு, இன்னும் கொஞ்சம், யாருக்குத் தெரியப்போகிறது. இல்லை. தனக்கு வேண்டிய எண் வரும்வரை கழித்துக்கொண்டே போவதற்குப் பெயர் கணக்கு இல்லை. அன்றைக்குத் தடித்த எழுத்தை நம்பிப் பயந்தாள், இன்றைக்குத் தடிக்காத எழுத்தை நம்பி அனுப்பிவைத்தால் இரண்டும் ஒரே தப்பு, முதல் தப்பில் ஒரு பெண் மூன்று மாசம் முட்டை தின்னாமல் இருந்தாள், இரண்டாவது தப்பில்? அவள் அந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. மிஷின் கீச்சென்றது. ஒன்று புள்ளி ஒன்று. இன்னொரு தடவை வைத்தாள், உள்ளங்கை வேர்த்துக் கையுறை ஒட்டியது, காத்திருந்தாள். ஒன்று புள்ளி ஒன்று இரண்டு. சரி. இனிமேல் இது குமிழி இல்லை, மிஷின் இல்லை, ரத்தம் உடையவில்லை. இது அந்தப் பிள்ளை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் சத்யப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்டால் அதிகாரி மாதிரி இருக்கும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கன்னமும் கண்ணிமைகளும் உப்பி, மூடிய கண் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. காலையில் இவள் கொழுகொழுப்பு என்று நினைத்தது அதுதான். "ஏம்மிணி, பாப்பா மொகம் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள். "இல்லீங்க்கா, ரெண்டு நாளாத்தான். காத்தால எந்திரிச்சா ரொம்ப வீங்கி அதைச்சாப்ல இருக்குது, மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கொறையுது. நெறையத் தூங்கறா, அதனாலன்னு இருந்துட்டனுங்க." "ஒண்ணுக்குப் போறாளா?" சத்யப்ரியா கொஞ்சம் யோசித்தாள். "நேத்துச் சாயங்காலம் போனா. இன்னைக்கு இன்னும் போகலீங்க. காய்ச்சலுக்குத் தண்ணி கம்மியாக் குடிக்கறா, அதனாலயாட்ட இருக்குது." "என்ன நெறத்துல போனா?" அந்தப் பெண் இப்போதுதான் முதல்முறையாகக் கோகிலவாணியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "பால் ஊத்தாத கட்டங்காப்பி மாதிரிங்க. ஏனுங்க்கா?" கோகிலவாணி பிள்ளையின் பாவாடையை லேசாக ஒதுக்கிப் பார்த்தாள். கணுக்கால் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள், குழி விழுந்து அப்படியே நின்றது. முழங்காலுக்குக் கீழே காய்ந்த புண்களின் தடம், ஏழெட்டு இடத்தில். கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாகி, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஆறியது என்றாள் தாய். இப்படிப் புண் ஆறிச் சில வாரத்தில் அது சிறுநீரகத்தைப் பிடிப்பதுண்டு என்று கோகிலவாணி படித்திருந்தாள். "நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன். நீ எந்திரிக்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மேஜையில் ஈஸ்வரமூர்த்தி ரிப்போர்ட்டை ஏற்கெனவே அச்செடுத்து உறைக்குள் போட்டு வைத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ரத்ததானம் என்றால் முதல் ஆளாய் நிற்பார். "ஏம்மிணி, கிரியேட்டினின் ஒண்ணும் தடிச்சு வரலியே, அப்பறம் என்ன ரோசனை? புள்ளத்தாச்சிப் பொண்ணு வேற, பாவம் பஸ்ஸுக்கு நிக்குது." புள்ளத்தாச்சியா? அதைக்கூட இவள் கவனிக்கவில்லை. "அண்ணா, அது பெரியவங்க அளவுங்க. நாலு வயசுக்கு இது ரெட்டிப்புக்கு மேல." "இருக்கட்டுமே. நாம நம்பரைக் குடுக்கறதோட சரி. அதைப் பாத்து வைத்தியம் சொல்றது டாக்டர் வேலை. நாளைக்கு ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா, லேபுக்காரி பயமுறுத்தி அனுப்பிச்சுட்டான்னு ஊரெல்லாம் பேசும்." அதுவும் உண்மைதான். இதே வார்த்தைகளைத்தான் இவளும் உள்ளே உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அவை எவ்வளவு இளைத்துப்போய்விட்டன. "நம்பரைச் சரியாக் குடுக்கறதுதாங்ண்ணா என் வேலை. இந்தக் காகிதம் சரின்னு சொல்லுது, சரியில்லை. இதுல என் கையெழுத்து இருக்குது" என்றாள். உறையைப் பிரித்து ரிப்போர்ட்டை வெளியே எடுத்து, அச்சடித்திருந்த அளவின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பேனாவால் நாலு வயதுக்குப் புள்ளி மூன்றிலிருந்து புள்ளி ஐந்து என்று எழுதி, மூன்று தடவை எடுத்த எண்களையும் வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நேரத்தையும் குறித்தாள். பதினொன்று நாற்பத்தெட்டு. ஈஸ்வரமூர்த்தி தன் செல்போனை எடுத்து, பிள்ளையை அனுப்பிய பத்ரசாமி டாக்டரின் எண்ணைத் தேடி அவளிடம் நீட்டினார்.

மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நோயாளி பார்க்கிற நேரம், எடுக்க மாட்டார். எடுக்காவிட்டால் நடந்தே போவது, நாலு தெரு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்ட அந்தக் கேள்வி இப்போது காதில் கேட்டது, லேபுல வேலை செய்யற உனக்கே, என்று. இப்போதும் தப்பாகப் போனால் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்பார். கேட்கட்டும். கேட்டால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம், அதனால் ஒரு உயிரும் போகாது. பிள்ளையை பஸ் ஏற அனுப்பிவிட்டுத் தப்பாகப் போனால் அப்படி இல்லை. இவ்வளவு லேசான கணக்குக்கா இருபது நிமிஷம் மென்று கொண்டிருந்தோம் என்று நினைக்கும்போதே மறுமுனையில் பத்ரசாமியின் குரல். "சொல்லுங்க ஈஸ்வரமூர்த்தி." "சார், நான் கோகிலவாணிங்க. நீங்க காலைல அனுப்பிச்ச தன்ஷிகா, நாலு வயசு. கிரியேட்டினின் ஒன்னு புள்ளி ஒன்னு. மூணு தடவை போட்டுட்டேன்." நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னாள்: முகம், கணுக்கால், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சிறுநீர் இல்லை, கட்டங்காப்பி நிறம், மூன்று வாரத்துக்கு முன் காலில் புண். "காத்தால வெறும் காய்ச்சல்னுதான் சொன்னாங்க" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. பிறகு குரல் மாறியது. "ஆட்டோ வெச்சு உடனே அனுப்பு. நடக்க விடாதே. பிரஷர் பாக்கணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

சத்யப்ரியாவிடம் எப்படிச் சொன்னாள் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோது கோகிலவாணிக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருந்ததெல்லாம் அந்தப் பெண் கேட்டது: "காயிதத்துல வேற ரெண்டு எண்ணுதானுங்களே கறுப்பா இருக்குது?" அதற்கு இவள் சொன்னது: "அதை விடு. அது ஒண்ணுமில்லை. இதைத்தான் டாக்டர் பாக்கோணும், இன்னைக்கே பாத்தாச் சரி பண்ணிப்போடலாம்." சரி பண்ணிவிடலாம் என்று சொல்ல இவள் யார்? சொன்னாள். படிக்கட்டில் பிள்ளையை இவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள், தாயின் வயிற்றைப் பார்த்தபிறகு வேறு எப்படி விட முடியும். தூக்கத்தில் கனத்த அந்த உடம்பு தோளில் சாய்ந்து, சூடான மூச்சு கழுத்தில் பட்டது. ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்ததும் ஈஸ்வரமூர்த்தி, "அந்தப் புள்ளைக அளவு எழுதின நோட்டு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. நோட்டை விரித்து வைத்து, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டு, எந்தப் பக்கத்தில் எப்படி ஏற்றுவது என்று அந்த ஆள் சலித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வயசாக ஏற்றினாள். பிறந்த குழந்தை, ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வயசு. ஒரு மணிக்கு டாக்டரின் கம்பவுண்டர் மூலமாகத் தெரிந்தது: நூறை ஒட்டி இருக்க வேண்டிய பிரஷர் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில், அந்த வயசில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், முதல் மருந்து கொடுத்து ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு அனுப்பியாயிற்று. இரண்டு வயசு, மூன்று வயசு. எண்கள் கண்ணில் ஓடின. பஸ்ஸில் ஏறியிருந்தால் இப்போது தாராபுரத்தில் கல்யாண வீடு, பந்தல், மேளம், பிள்ளை தூங்குகிறது தூங்கட்டும் என்று ஒரு ஓரத்தில் படுக்க வைத்திருப்பார்கள். போதும். அந்தப் பாதையில் போகாதே. நாலு வயசு: புள்ளி மூன்று, புள்ளி ஐந்து. சரிபார்த்துச் சேமித்தாள்.

ஐந்தரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், தள்ளுவண்டிச் சக்கரம். "அக்கா, நாந்தானுங்க, சத்யப்ரியா." அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று கோகிலவாணியால் பிரித்தறிய முடியவில்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுக்குப் போறதுக்குன்னு ஊசி போட்டு ஒரு மணி நேரமா ஒண்ணுமே காணோமுங்க. மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இப்பத்தானுங்க்கா, சொல்லாம கொள்ளாமப் போயிட்டா. கல்யாணத்துக்குன்னு கட்டுன சீலை, பூராவும் நனைஞ்சுபோச்சு." அவள் சிரித்தாள், அல்லது அழுதாள். "டாக்டரம்மா வந்து சீலையத் தொட்டுப் பாத்துட்டு என் முதுகுல தட்டுனாங்க. நல்லதுங்களா அக்கா அது?" கோகிலவாணி முடிந்தவரை சத்தமாக, அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள், "நல்லதும்மிணி. நனையட்டும், நல்லா நனையட்டும்."